மூலமும் மறுபாட்டும்: ஒரு வாரக் குறிப்புகள்

நவம்பர் 17, 2024

அமெரிக்க ராக் குழு கன்ஸ் அண்ட் ரோசஸின் 'த ஸ்பகெட்டி இன்சிடென்ட்?' ஆல்பத்தை இந்த வாரம் பாட்டுப் பாட்டாகக் கேட்கப்போகிறேன். முதலில் மூலப் பாட்டு, அப்புறம் இவர்கள் பாடியது. 1991இல் 'யூஸ் யுவர் இல்யூஷன்' என்று ஒரே நாளில் இரண்டு ஆல்பங்களை இறக்கி, பியானோவும் பெரும் வாத்தியக் கூட்டமுமாக நின்றவர்கள், 1993இல் அடுத்தவர் பாட்டுகளை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். பலவும் அந்த இரட்டை ஆல்பத்துக்கான பதிவு நாட்களிலேயே வாசித்து வைத்தவை. இடையில் கிடார் கலைஞர் இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விலகிவிட்டதால், அவர் வாசித்த இடங்களில் கில்பி கிளார்க் புதிதாக வாசித்தார்.

நவம்பர் 18

'நியூ ரோஸ்'. த டேம்ன்ட் குழு 1976 அக்டோபரில் வெளியிட்டது. பிரிட்டிஷ் பங்க்கின் (வேகமும் முரட்டுத்தனமுமான எளிய ராக் பாணி) முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு, என்று சொல்வார்கள். மூன்று நிமிடம்கூட இல்லை, மூச்சு வாங்குகிறது. கன்ஸ் அண்ட் ரோசஸ் ஆல்பத்தில் இதைப் பாடுவது குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் அல்ல, பாஸ் கிடார் வாசிக்கும் டஃப் மெக்ககன். சியாட்டில் பங்க் குழுக்களில் வளர்ந்தவர். அவர் குரலில் பயிற்சி பெற்ற மெருகு கிடையாது. ஆனால் இந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாக வைத்திருப்பவர் பாடுவதுபோல் இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

நவம்பர் 19

நேரமில்லை, ஒரே பாட்டு. நாசரெத் என்ற ராக் குழுவின் 'ஹேர் ஆஃப் த டாக்', 1975. அதன் பாடகர் டான் மெக்காஃபர்ட்டியின் கரகரத்த தொண்டையைக் கேட்டதுமே ஆக்ஸலின் குரலுக்கு மூதாதை யார் என்று தெரிந்துவிடுகிறது. இவர்கள் பாடியதன் கடைசியில் கிடார் கலைஞர் ஸ்லாஷ், பீட்டில்ஸின் 'டே டிரிப்பர்' ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை) நுழைக்கிறார். கேட்டுச் சிரித்துவிட்டேன்.

நவம்பர் 20

ஆல்பத்தின் முதல் பாட்டு 'சின்ஸ் ஐ டோன்ட் ஹேவ் யூ'. பிட்ஸ்பர்க்கின் ஸ்கைலைனர்ஸ் குழு 1958இல் பதிவு செய்த டூ-வாப் (பல குரல்கள் இழைந்து பாடும் பழைய பாணி) காதல் பாட்டு. பங்க் ஆல்பத்துக்கு இது எதற்கு என்று முன்பு நினைத்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. ஆக்ஸல் ஒரு வார்த்தையைக்கூடக் கேலி செய்யாமல் பாடுகிறார்.

நவம்பர் 21

இன்று இரவு நிறுத்தவே முடியவில்லை. 'எய்ன்ட் இட் ஃபன்' டெட் பாய்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழு பாடியது. எழுதியவர்களில் ஒருவரான பீட்டர் லாஃப்னர் 1977இல் 24 வயதில் இறந்தார். பாடிய ஸ்டிவ் பேட்டர்ஸ் 1990இல் பாரிஸில் வாகனம் மோதி இறந்தார். இங்கே ஆக்ஸலோடு சேர்ந்து பாடுபவர் ஃபின்லாந்தின் ஹனாய் ராக்ஸ் குழுவின் மைக்கேல் மன்றோ, பேட்டர்ஸின் நண்பர். இது தெரிந்தபிறகு அந்த இரு குரல்களையும் பழையபடி கேட்க முடியவில்லை.

அப்புறம் ஜானி தண்டர்ஸ் 1978இல் பாடிய பாட்டு. நினைவைக் கட்டியணைக்க முடியாது என்பதுதான் அதன் தலைப்பே. 1991இல் நியூ ஆர்லியன்ஸில் தண்டர்ஸ் இறந்தார், வயது 38. டஃப் இதைத் தானே பாடி, பாஸ், அகூஸ்டிக் கிடார், டிரம்ஸ் எல்லாம் தானே வாசித்திருக்கிறார். தண்டர்ஸின் பழைய குழு நியூ யார்க் டால்ஸின் 'ஹ்யூமன் பீயிங்' பாட்டும் ஆல்பத்தில் இருக்கிறது. டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் 1977 கார் விபத்தில் போனவர். அவர் பாட்டும் இருக்கிறது. இதைக் கவர் ஆல்பம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செத்துப்போன அண்ணன்மாருக்குத் தம்பிகள் செய்த திதி இது.

நவம்பர் 22

அட்டையில் எழுதாமல் 13ஆவதாக ஒளித்துவைத்த பாட்டு சார்ல்ஸ் மேன்சனுடையது. அமெரிக்காவில் 1969இல் நடந்த கொலைகளை ஏவியவனின் பாட்டு. அதற்கான ராயல்ட்டி, அன்று கொல்லப்பட்ட ஒருவரின் மகனுக்குச் சேரும்படி ஆனது. அதுவாவது நடந்ததே. ஆனாலும் மேலே சொன்ன மனிதர்களின் வரிசையில் அவனுக்கு இடம் கொடுத்தது பெரிய தவறு. அந்தப் பாட்டை நான் கேட்பதில்லை.

நவம்பர் 23

1993இல் இதே தேதியில்தான் ஆல்பம் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கில்பி, ஸ்லாஷ், டிரம்ஸ் வாசித்த மேட் சோரம், டஃப் எல்லோரும் குழுவில் இல்லை. ஆக்ஸலின் அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வர 2008 ஆனது. 2016இல் ஸ்லாஷும் டஃப்பும் திரும்பி வந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் ஆக்ஸல் ஒதுங்கிக்கொள்ள, டஃப் மைக் முன்னால் வந்து 'நியூ ரோஸ்' பாடினார். அந்தப் பதிவைத் தேடி எடுத்துவிட்டேன். இரண்டு முறை பார்த்தாயிற்று, இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போகிறேன்.