லாக்கர் வாடகையால் தள்ளிப்போன குடும்ப விசா

பிரிட்டனில் பிஎச்டிக்கு இடம் கிடைத்து, கணவரும் மகளும் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த வங்கிக் கிளையை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் சாதாரண மாஸ்டர்ஸ் படிப்புகளுக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. பிஎச்டிக்கும் ஆராய்ச்சி சார்ந்த மேற்படிப்புக்கும்தான் அனுமதி. அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் விதிவிலக்கு. இது தெரிந்தும் ஓர் ஏஜென்ட் என் தோழியிடம், "மாஸ்டர்ஸ் சேருங்க மேடம், அங்க போய்க் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கலாம்" என்றாராம். நம்பாதீர்கள்.

சரி, விசாவுக்காகக் கணக்கில் காட்ட வேண்டிய பணத்துக்கு வருகிறேன். என் செலவுக்கு உதவித்தொகைக் கடிதம் போதுமானதாக இருந்தது. கூட வருகிறவர்களுக்கு அப்படியில்லை. லண்டனுக்கு வெளியே தலைக்கு மாதம் 680 பவுண்டு, லண்டன் என்றால் 845. இதை ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். எங்களுக்கு இருவருக்கும் சேர்த்து 12,240 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது.

கணவர் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். 28 முடியப்போகும் நேரத்தில் வங்கி லாக்கர் வாடகையைத் தானாகவே பிடித்துக்கொண்டது. இருப்பு கீழே போய்விட்டது. "சின்னத் தொகைதானே, திருப்பிப் போட்டுடறோம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். போட்டும் விட்டார். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அந்த நாளின் குறைந்த இருப்பு அப்படியே நிற்கிறதே! மேலாளரிடம் போனால், சராசரி இருப்பு எவ்வளவு என்று கடிதம் தருகிறேன் என்கிறார். சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

அதனால் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் எல்லாவற்றையும் முதலில் நிறுத்துங்கள்: தவணை, காப்பீடு, லாக்கர், எல்லாம். தேவைக்கு மேல் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வையுங்கள். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். ரூபாய் சரிந்தால் நேற்றுப் போதுமாக இருந்த பணம் இன்று போதாது. 28 நாள் முடிந்த தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிடவும் வேண்டும்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் சேரக் கடைசி நாள் நெருங்கியதால் நான் மட்டும் முன்னால் கிளம்பினேன். குடும்பம் பின்னால் விண்ணப்பிக்கலாம், தடையில்லை.

இரண்டாவது 28 நாளுக்குள் இன்னொன்று கிளம்பியது. மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரே இல்லை! பிறந்த உடனே வாங்கியது, 'பெண் குழந்தை' என்பதோடு சரி. பெயர் சேர்க்கப் போன கணவரிடம், ஒருநாள் கணினி வேலை செய்யவில்லை என்றார்கள். இன்னொரு நாள் அதிகாரி விடுப்பு. கடைசியில் அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். சிறு குழந்தை இருப்பவர்கள் இன்றே சான்றிதழை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை, கைரேகை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் கட்டணம்தான் அதிர்ச்சி: தலைக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும்.

அப்புறம், நர்சரி. இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு, பள்ளி நடக்கும் வாரங்களில் வாரத்துக்கு 15 மணி நேரம் இலவசம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 30 என்று விளம்பரம் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அரசு உதவி கிடையாது என்று போட்டிருக்கும் நம் விசாவுக்கு அது இல்லை. கணவர் முழுநேர வேலை பார்க்கலாம், ஆனால் மீதி நேரத்துக்கான நர்சரிக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்.