நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானம் எவ்வளவு குடிக்கிறது?

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ எப்படி என்றால், கூடுதல் எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனுடையது. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 3.16-ஐ வைத்துத்தான்.

ஹைட்ரஜன் விமானம் வரும்போது வரட்டும். இன்று வாங்கும் ஏர்பஸ் ஏ320 இன்னும் இருபது வருஷமாவது பறக்கும். அதில் இப்போதே என்ன குறைக்கலாம் என்பதுதான் என் அக்கறை.

முதலில் வாலைப் பாருங்கள். அங்கே ஏ.பி.யூ என்ற குட்டி டர்பைன் இருக்கிறது. ‘பே’ எனப்படும் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது மின்சாரம், ஏசி, பிறகு எஞ்சின் ஸ்டார்ட் செய்யத் தேவையான காற்றழுத்தம் எல்லாம் அது தருவதுதான். ஏ320-இல் மணிக்குச் சுமார் 120 கிலோ குடிக்கும். 40 நிமிடம் நின்றால் 80 கிலோ. மூக்குச் சக்கரத்தருகே 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் கேபிளைச் செருகி, வயிற்றுப் பக்கம் குளிர்காற்றுக் குழாயை மாட்டிவிட்டால், கிளம்பும் முன் கடைசி 10 நிமிடத்துக்கு மட்டும் ஏ.பி.யூ போதும். மிச்சம் 60 கிலோ எரிபொருள், சுமார் 190 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு விமானம் நாளுக்கு ஆறு முறை இப்படி நின்று கிளம்பினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

காகிதத்தில் சுலபம்தான். நடைமுறையில் சொதப்புவது பெரும்பாலும் குளிர்காற்றுக் குழாய். நீளம் அதிகமாகி, தார்த்தளத்தில் மடங்கிக் கிடந்தால் காற்று வரும்போதே சூடாகிவிடும். மே மாதச் சென்னை வெயிலில் கேபின் 27 டிகிரியைத் தாண்டியதும் கேப்டன் ஏ.பி.யூ-வைப் போட்டுவிடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேபிள் பிளக்கின் பின்கள் தேய்ந்திருந்தால் மின்சாரம் நடுவில் விட்டுப்போகும், காக்பிட் கணினிகள் ரீசெட் ஆகும். இரண்டு தடவை அப்படி நடந்தால் அந்த பே மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. ஆகவே பின், குழாய் பராமரிப்பை விமான நிலையம் சரியாகச் செய்ய வேண்டும். மின்சாரத்தை மட்டும் கொடுத்துக் குளிர்காற்று கொடுக்காத பே பாதி வீண். பயணிகள் இறங்கும்போது ஜன்னல் திரையை இறக்கிவிடச் சொல்வதும் இந்தச் சூட்டுக்காகத்தான்.

அடுத்தது ஒற்றை எஞ்சின் டாக்ஸி, அதாவது நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே ஒரே எஞ்சினில் உருள்வது. தரையில் உருளும்போது ஏ320-இன் இரண்டு எஞ்சினும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 11 கிலோ எரிக்கும். தரையிறங்கியதும் மூன்று நிமிடம் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓடவிட்டு, சூடு ஆறியதும் ஒன்றை அணைக்கலாம். வழக்கமாக முதல் எஞ்சினை ஓடவிடுவார்கள், சாதாரண பிரேக்குக்கான ஹைட்ராலிக் அழுத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருவதால். டாக்ஸி தூரம் குறைவு என்றால் ஆறவிடும் நேரத்திலேயே பே வந்துவிடும், லாபம் இல்லை. டெல்லி போன்ற பெரிய நிலையங்களில்தான் இது கைகொடுக்கும். அங்கேதான் 2019 அக்டோபரில் ஏர் இந்தியா, பயணிகளோடு ஒரு ஏ320-ஐ டாக்ஸிபாட் வண்டியால் ஓடுபாதை அருகே வரை இழுத்துச் சென்றது. எஞ்சின் அணைந்திருக்கும், வண்டியைத் திருப்புவது பைலட். ஆனால் வண்டி கழன்று திரும்பிவர இடம் வேண்டும், புறப்படுமுன் எஞ்சினைச் சூடேற்ற நேரமும் வேண்டும்.

இப்படிக் கிலோ கிலோவாகச் சேர்த்ததை ஒரே பறப்பில் விழுங்கும் ஒரு பழக்கம் உண்டு: டேங்கரிங். எரிபொருள் மலிவான ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு, விலை அதிகமான ஊரில் நிரப்பாமல் திரும்புவது. சுமந்து செல்லும் எரிபொருளில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரியும். 3 டன்னை இரண்டரை மணி நேரம் சுமந்தால் 225 கிலோ, அதாவது சுமார் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மேலே சொன்ன கேபிளும் குழாயும் கிட்டத்தட்ட நான்கு தடவையில் மிச்சப்படுத்தியது போயிற்று. நம் நாட்டில் இதற்குத் தீனி போடுவது மாநில வாட் வரி. தமிழ்நாட்டில் நெடுங்காலமாக 29 சதவீதம். பல மாநிலங்களிலோ ஒற்றை இலக்கம். விமான நிறுவனம் கணக்குப் பார்க்காமல் என்ன செய்யும்? நாடு முழுக்க ஒரே வரி வந்தால் உள்நாட்டில் இதற்கான காரணத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில், அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் ஓராண்டில் தேவையான எரிபொருளில் குறைந்தது 90 சதவீதத்தை அங்கேயே நிரப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து தயாராகும் மாற்று எரிபொருளைப் பற்றி ஒன்று மட்டும். இன்றைய தரவிதிப்படி 50 சதவீதம் வரைதான் கலக்கலாம். சாதாரண விமான எரிபொருளில் இருக்கும் அரோமாட்டிக் சேர்மங்கள் (வளைய வடிவ ஹைட்ரோகார்பன்கள்) அதில் ஏறக்குறைய இல்லை. பழைய ரப்பர் சீல்கள் அந்தச் சேர்மங்களால் உப்பித்தான் கசியாமல் அடைத்திருக்கின்றன; அது போனால் சுருங்கிக் கசியும். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு முழுக்க மாற்று எரிபொருளில் பறந்த வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 787-இல் செயற்கை அரோமாட்டிக்கை 12 சதவீதம் சேர்த்திருந்தார்கள்.

அரோமாட்டிக் குறைந்தால் கரித்துகளும் குறையும், அதில் ஒரு லாபம் உண்டு. விமானத்துக்குப் பின்னால் நீளும் வெள்ளைக் கோடு அந்தத் துகள்களின் மேல் உறையும் பனிதான். குளிரும் ஈரமும் மிகுந்த அடுக்கில் அது கலையாமல் பரவி, பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். இரவில் இன்னும் மோசம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலைகூட அப்போது இல்லை. 2023-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் 70 சோதனைப் பறப்புகளில் உயரத்தை மாற்றிப் பார்த்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. விலகிப் பறந்தவற்றில் எரிபொருள் சுமார் 2 சதவீதம் கூடியது. எந்த அடுக்கைத் தவிர்ப்பது என்று துல்லியமாகச் சொல்வதில்தான் சிக்கல்: அந்த உயரத்து ஈரப்பதக் கணிப்பு பலவீனம், பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அதை அளக்கும் கருவியே கிடையாது.