சும்மா சொன்னேன், விடுங்க

"அவருக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேட்குது சார். என் குரல் மட்டும்தான் கேட்காது."

கேட்பியல் பரிசோதனை செய்வதை நான் தொழிலாக எடுத்துக்கொண்டு 22 வருடம் ஆகிறது. இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்பவர் பெரும்பாலும் மனைவி. கணவர் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முறை வரும்போது அவரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "இவ வாய்க்குள்ளேயே பேசுறா டாக்டர்." (நான் டாக்டர் இல்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.)

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வயதாக ஆகக் குறைகிற கேட்புத்திறன், முதலில் உச்ச அதிர்வெண்களில், அதாவது கீச்சென்ற ஒலிகளில்தான் கைவைக்கிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வரும். மெய்யொலிகளில் பல, மேலே மெலிதாக வரும். அந்த மேல்பகுதி போய்விட்டால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பட்டம், கட்டம், சட்டம் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். ஆபீசில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் முகத்தையும் உதட்டையும் பார்த்துச் சமாளித்துவிடலாம். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த அறையிலிருந்துதானே பேசுகிறோம்? திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். நடுவில் ஒரு சுவரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த அதிர்வெண்ணில் (அதன் அளவு ஹெர்ட்ஸ்) எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் தாளைக் காட்டி இதை விளக்குவேன். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியிருப்பதைப் பார்த்துச் சில மனைவிகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். "வேணும்னே செய்யறார்னு நினைச்சேனே" என்று ஒரு அம்மா தாளைத் தடவிப் பார்த்தார். எட்டு வருடக் கோபம் அந்தத் தாளில் இருந்தது.

வழக்கமான கேள்விகளுக்கு நடுவே நானாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. "இவருக்குக் கேட்காததனால நீங்க என்ன பேசறதை நிறுத்திட்டீங்க?" என்று துணையிடம் கேட்பேன். முக்கியமான விஷயங்கள் போய்விட்டன என்றுதான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பணம், உடம்பு, பிள்ளைகள் பற்றிய பேச்சு எதுவும் நிற்பதில்லை. கத்தியாவது சொல்லிவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சும்மா சொல்றதைக் கத்திச் சொல்ல முடியுமா சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜன்னலில் ஒரு குருவி வந்து உட்கார்கிறது என்று வையுங்கள். "அங்க பாருங்க" என்கிறார் மனைவி. "என்ன?" "அங்க... பாருங்கன்னேன்." "என்னது?" மூன்றாவது முறை கத்திச் சொல்லும்போது குருவி போயிருக்கும், அதைச் சொல்லும் ஆசையும் போயிருக்கும். "ஒண்ணுமில்ல, விடுங்க." வேடிக்கையும் அப்படித்தான், கத்திச் சொன்னால் செத்துவிடும். கேட்புக் குறைவு ஒரு கல்யாணத்தில் எதை முதலில் கொண்டுபோகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: சொல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாத பேச்சை. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஒரு வகைப்பாட்டில் 'மூன்றாம் நபர் குறைபாடு' என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. நோய் ஒருவருக்கு, அதனால் முடங்குவது உடனிருப்பவரும்கூட. அந்த அம்மாவின் காது மிக நன்றாகக் கேட்டது. அவருக்கும் ஒரு சிகிச்சை வேண்டியிருந்தது.

அப்புறம்தான் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஒரு சின்ன வீடு மாதிரி ஆய்வகம் அமைத்து, புதிதாகக் கல்யாணமானவர்களை அங்கே தங்கவைத்துக் கவனித்தவர். "அங்க பாரேன்" என்பது போன்ற சின்னச் சின்ன அழைப்புகளை அவர் எண்ணினார். ஒருவர் அழைக்கும்போது மற்றவர் திரும்பிப் பார்த்தாரா, காதில் விழாத மாதிரி இருந்தாரா? ஆறு வருடம் கழித்துச் சேர்ந்திருந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்கு. பிடித்துப்போனதால் திரும்பினார்களா, திரும்பியதால் பிடித்துப்போனதா என்பதை அந்த எண் சொல்லாது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு விஷயம் உறைத்தது. அங்கே பிரச்சினை காது மந்தம் இல்லை. எல்லோரும் புதிதாகக் கல்யாணமானவர்கள். கோடு சறுக்காமலேயே கேட்காமல் இருக்க முடியும்.

இது எனக்கு வீட்டிலேயே நிரூபணமானது.

நாள் முழுக்க ஒலிபுகா அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருப்பவர் சத்தம் கேட்டு எப்போது பொத்தானை அமுக்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் வேண்டாம் என்று இருக்கும். என் மனைவி பேசுவாள். நான் "ம்" போடுவேன். அந்த "ம்" ஒரு தனிக்கலை. சரியான இடைவெளியில், ஏற்ற இறக்கத்தோடு, எதையும் கேட்காமலேயே போடலாம். ஒருநாள் மாலை, பேச்சோடு பேச்சாக, குரல் கொஞ்சமும் மாறாமல் அவள் சொன்னாள்: "நாளைக்கு நான் நிலாவுக்குப் போறேன். திரும்பி வர ஒரு வாரம் ஆகும்."

"சரி," என்றேன். "சாவியை எங்க வச்சுட்டுப் போவே?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். மறுநாள் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு அவளே போன் செய்து, "இவர் காதை ஒருதடவை டெஸ்ட் பண்ணும்மா" என்று சொல்லியிருக்கிறாள். என்னையே அந்த அறைக்குள் உட்காரவைத்தார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு காதிலும், கோடு மேலேயே நேராக ஓடியது. அப்பழுக்கில்லாத காது. என் வயதுக்கு அப்படி ஒரு ஆடியோகிராம் அபூர்வம். மனைவி அந்தத் தாளை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், "அவருக்குக் கேட்கும்ங்கிறதுக்கு ஆதாரம்" என்பாள். வெகு நாள் அது அங்கே இருந்தது. நாங்கள் சண்டையே போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வந்ததும் எனக்கு இருபது நிமிடம் அமைதி. அதற்கப்புறம் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நான் செய்வதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நோயாளிகளின் குடும்பத்துக்கு நான் சொல்லும் அதே விதிதான்: முதலில் கூப்பிடுங்கள், முகம் தெரிகிற இடத்துக்கு வாருங்கள், அப்புறம் பேசுங்கள். ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குப் பதினைந்து வருடம் பிடித்திருக்கிறது. இன்னமும் பாதி நாள் தவறுகிறேன்.

இது சம்பந்தமாக எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வை மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இங்க்ரிட் ஜான்ஸ்ரூட் குழு 2013இல் வெளியிட்டது. கல்யாணமாகிக் குறைந்தது 18 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு குரல்களைக் கேட்கவைத்தார்கள். துணையின் குரலைக் கவனி என்றபோது, அந்நியர் குரலைவிடத் தெளிவாகப் பிடித்தார்கள். சரி, எதிர்பார்த்ததுதான். இன்னொரு குரலைக் கவனி, துணையின் குரல் குறுக்கே வரும் என்றபோது, நடுவயதுக்காரர்கள் துணையின் குரலை அந்நியர் குரலைவிடச் சுலபமாக ஒதுக்கியும் தள்ளினார்கள்! பழகிய குரல் இரண்டுக்கும் உதவுகிறது. வயது ஏற ஏற அந்த ஒதுக்கும் திறமை தேய்ந்தது. பிடித்துக்கொள்ளும் திறமை தேயவில்லை. நான் இன்னும் நடுவயதில் இருக்கிறேன்.

காதுக் கருவி மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதல் சில வாரங்கள் கொடுமையானவை. காகிதம் மடிக்கிற சத்தம்கூட எரிச்சலூட்டும், தன் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். கழற்றி டிராயரில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. தாங்கிக்கொள்கிறவர்களில் பலர், பேச்சுக்குத் துணை காத்திருக்கிறது என்பதற்காகத் தாங்குகிறார்கள். மறுபரிசோதனைக்கு இரண்டு பேராக வருகிறார்களா, ஒருவர் மட்டும் வருகிறாரா என்று பார்த்தே ஓரளவு ஊகித்துவிடுவேன். விதிவிலக்கும் உண்டு. ஒரு அம்மா போனில், "போடச் சொல்லி வற்புறுத்தாதீங்க சார், அவருக்குக் கேட்காம இருக்கறதுதான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு என்னிடம் கருவி இல்லை.

சேர்ந்து வருகிறவர்களில் ஒரு ஜோடியை எனக்கு மிகவும் பிடிக்கும். அவருக்கு எண்பது நெருங்குகிறது. விரல் நடுங்கும். அம்மாவுக்குக் கண் சரியில்லை. கருவிக்கான பேட்டரி மாத்திரையைவிடச் சின்னது, அதில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவர் பார்த்துச் சொல்ல, அம்மா உள்ளே வைப்பார். நான் மாற்றித் தருகிறேன் என்றால் இருவரும் கேட்பதில்லை. அது காற்றை எடுத்து வேலை செய்கிற வகை பேட்டரி, ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் வெளியே வைத்திருக்க வேண்டும். போனமுறை இரண்டு கருவிகளையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஒரு நிமிடத்துக்காக மேஜையைச் சுற்றி மூவரும் காத்திருந்தோம். அம்மா அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "காலர் மடங்கியிருக்கு" என்றார்.

"இப்ப அவருக்குக் கேட்காதேம்மா," என்றேன்.

அவர் கை அதற்குள் காலருக்குப் போயிருந்தது. தடவிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இல்ல," என்றார் அம்மா. கை மறுபக்கம் போனது.