உத்திரத்தில் செதுக்கிய எண்: எங்கள் மரப் படகின் பழைய கதையைத் தேடிய அனுபவம்

படகை விற்றவர் சொன்ன முதல் விஷயமே "இது டன்கர்க் போய் வந்த படகு" என்பதுதான். 1930களில் கட்டிய மோட்டார் யாட் (உல்லாசப் படகு), ஓக் சட்டங்களின் மேல் தேக்குப் பலகை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கழிமுகம் ஒன்றின் சேற்றில் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பித்தளைத் தகட்டிலும் டன்கர்க் என்று பொறித்திருந்தார்கள். அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

டன்கர்க் பிரான்சின் வடகரையில் உள்ள துறைமுகம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அங்கே சுற்றி வளைத்த பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலிய நேச நாட்டு வீரர்களில் 3,38,226 பேரை 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை துறைமுகத்திலும் கடற்கரையிலும் இருந்து கடல் வழியாக மீட்டார்கள். ஆழமில்லாத கரைக்குப் பெரிய கப்பல் நெருங்க முடியாததால் உல்லாசப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் நூற்றுக்கணக்கில் போயின. டைட்டானிக்கில் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய லைட்டோலர், தன் மகனோடு 'சன்டவுனர்' என்ற மர யாட்டில் போய் சுமார் 130 பேரை ஏற்றி வந்தார். எங்கள் படகும் அந்தக் கூட்டத்தில் இருந்ததா என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

முதல் ஒரு மாதம் வீண். படகின் பெயரை வைத்துத் தேடினேன். கை மாறும்போது பெயரும் மாறுகிற வழக்கம் உண்டு என்பது அப்போது தோன்றவில்லை. படகுப் பட்டறையில் ஒரு பெரியவர்தான் "பெயரை விடு, நடு உத்திரத்தைச் சுரண்டிப் பார்" என்றார். மேல்தளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையைத்தான் உத்திரம் என்றார். பிரிட்டனில் முறையாகப் பதிவான கப்பலுக்கு ஒரு எண் கொடுத்து, அதையும் கொள்ளளவைக் காட்டும் டன் கணக்கையும் பிரதான உத்திரத்தில் செதுக்கிவிடுவார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது.

இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு நாள் சுரண்டினேன். வெள்ளை, அதன் கீழே க்ரீம், அதன் கீழே சாம்பல் நிற பெயின்ட், அப்புறம் மரம். முதலில் தெரிந்தது ஒரு 6-இன் வளைவு. உளி வைத்து கையால் வெட்டியது, ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது.

எண் கிடைத்ததும் வேலை வேகம் பிடித்தது. பழைய கப்பல் பட்டியல்களை இணையத்தில் எண் வாரியாகத் தேடலாம். முதல் பெயரும் பதிவான துறைமுகமும் அதில் வந்துவிட்டன. அப்புறம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலின் உரிமை 64 பங்கு. யார் எத்தனை பங்கை யாருக்கு விற்றார், எதை அடமானம் வைத்தார் என்று ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கும். எங்கள் படகின் முதல் சொந்தக்காரர் ஒரு பல் மருத்துவர். அவர் பெயருக்கு நேராகத் தொழிலையும் வீட்டு முகவரியையும் சாய்வான மைக் கையெழுத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் புரட்ட முடியவில்லை.

கப்பல்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் லாயிட்ஸ் ரிஜிஸ்டர் நிறுவனத்தின் யாட் பதிவேடும் பெரிய உதவி. 1878-இல் தொடங்கியது, கட்டியவர், வடிவமைத்தவர், நீளம், இன்ஜின் எல்லாம் கிடைக்கும். ஆனால் போர்க்காலத்தில் அது வெளிவரவில்லை. எனக்கு வேண்டியதோ சரியாக அந்த வருஷங்கள்!

கடைசியில் விடை வந்தது பழைய சொந்தக்காரர் ஒருவரின் மகளிடமிருந்து. அவர் அலமாரியில் கடற்படை அனுப்பிய கடிதம் ஒன்று இருந்தது. படகைப் போருக்கு எடுத்துக்கொண்டது உண்மை, ஆனால் டன்கர்க் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, துறைமுகக் காவலுக்கு. அந்தச் சாம்பல் நிற பெயின்ட் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஏமாற்றமா என்றால், ஒரு நாள் இருந்தது. மறுநாள் தகட்டைக் கழற்றினோம். இதே தேடலில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் உத்திரத்தைப் பாருங்கள், சுரண்டும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; நான் சாம்பல் அடுக்கைப் பாதிக்கு மேல் சுரண்டிய பிறகுதான் நிறுத்தினேன். மிச்சமிருக்கும் ஒரு சாண் அளவை அப்படியே வார்னிஷ் பூசி வைத்திருக்கிறோம்.