படகுக்கு நிழல்: எத்தனை அடி, எந்த இடத்தில்?

படகுக்கு மேலே குழாய்ச் சட்டத்தில் துணி விரித்து, வேண்டாதபோது மடக்கி வைக்கும் கூரைதான் பிமினி டாப். அதை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை அடி வாங்கலாம்?" என்றுதான். போன மாதம் என் மச்சானும் அதையே கேட்டார். 18 அடி ஃபைபர் படகு, பழையதுதான், ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது. "பெரிசா போட்டுட்டா பிரச்சினை இல்லைதானே?" என்றார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன், எத்தனை மணிக்குக் கடலில் இருப்பீங்க, நங்கூரம் போட்டு உட்காருவீங்களா இல்லை ஓடிக்கிட்டே இருப்பீங்களா, யார் எங்கே உட்காருவாங்க? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அளவைச் சொல்ல முடியாது. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே சிங்கப்பூரில் பொங்கோல் பக்கமும் சாங்கிப் பக்கமும் நல்ல காசு கொடுத்துப் போட்ட கூரைக்கு வெளியே ஆட்கள் வெயிலில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் நம் ஊர்ச் சூரியன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைகூட இல்லை. அதனால் வருடம் முழுக்கச் சூரியன் கிட்டத்தட்ட கிழக்கில் எழுந்து, தலைக்கு மேலே ஏறி, மேற்கில் இறங்குகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உச்சி வெயில் நேர் மேலே இருக்கும். ஜூனில் கொஞ்சம் வடக்கே, டிசம்பரில் கொஞ்சம் தெற்கே சாயும், அவ்வளவுதான். இன்னொன்று, 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் நாம் இருப்பது கிட்டத்தட்ட 104 பாகை கிழக்கில். ஆகவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய பகல் 1 மணிக்கு. நிழல் கணக்கை 1 மணியிலிருந்து போட வேண்டும்.

அந்தக் கணக்கு ரொம்ப எளிது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அது உச்சியிலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கும். 45 பாகை என்றால், கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் நிழல் நகர்ந்து விழும். கூரை உங்கள் இருக்கைக்கு மேலே 5 அடி உயரத்தில் இருந்தால் நிழலும் 5 அடி தள்ளிப் போய்விடும். 6 அடி நீளக் கூரைக்குக் கீழே அப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு அடி நிழல். 8 அடிக் கூரையாக இருந்தால் 3 அடி. மாலை 5 மணிக்கு, காலை 9 மணிக்கு, சாய்வு 60 பாகை. நிழல் எட்டரை அடிக்கு மேல் தள்ளிப் போகும். 8 அடிக் கூரைக்கு நேர் கீழே இருக்கையில் துளி நிழல் இருக்காது. பெரிசாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் போதும்.

தலைக்கு நிழல் இருக்கும், தொடைக்கும் காலுக்கும் இருக்காது. காரணம் இதேதான். உட்கார்ந்திருப்பவரின் தலை கூரைக்குக் கிட்டத்தில் இருப்பதால் அங்கே நிழல் குறைவாகத்தான் நகர்கிறது. நிழலில் இருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்போம், வீட்டுக்கு வந்து பார்த்தால் முழங்கால் இரண்டும் சிவந்திருக்கும். தேசிய சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புற ஊதாக் குறியீடு மேகமில்லாத நாட்களில் உச்சிப் பொழுதை ஒட்டி 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் இங்கே சாதாரணம். போதாததற்குக் கீழிருந்தும் வரும். தண்ணீர்ப் பரப்பு புற ஊதாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், ஆனால் அலை உடைந்து நுரைக்கிற இடத்தில் அது கால் பங்கு வரை போகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்தக் கூரையும் அதைத் தடுக்காது, நீளக்கைச் சட்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, நிழல் நகர்கிறது. எந்தப் பக்கம் நகர்கிறது? அளவு எடுக்கும்போது இதை யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கும் மேற்குமாகத்தான் ஓடுகிறது. முன்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்ட படகு, காற்று பலமாக இல்லாதவரை, நீரோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதாவது படகின் மூக்கு கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். சூரியனும் அதே கோட்டில்தான் போகிறது! ஆகவே நங்கூரம் போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் வருவது பக்கவாட்டிலிருந்து அல்ல, முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ. நிழல் படகின் நீளவாக்கில் ஓடும். நீரோட்டம் திரும்பினால் படகும் திரும்பும், நிழலும் பின்முனையிலிருந்து முன்முனைக்கு மாறும். தீவுகளுக்கு இடையிலும் கரைக்கு ஒட்டியும் நீர் வளைந்து ஓடுவதால் அங்கே இது கொஞ்சம் மாறும். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடம் புலாவ் ஹந்து பக்கமா, குசு பக்கமா, உபின் தீவுக்கு அந்தப் பக்கம் கெலோங் (கடலில் கட்டிய மீன்பிடி மேடை) அருகிலா என்று யோசித்து, அங்கே படகு எப்படித் திரும்பி நிற்கிறது என்று ஒரு நாள் கவனித்துவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.

இதனால் நம் ஊருக்கு அகலத்தைவிட நீளம்தான் பெரிய விஷயம். அந்த நீளத்தை முழுக்கக் கூரையாகவே போட வேண்டியதில்லை என்பது இன்னும் பெரிய விஷயம். கூரையின் ஓரத்திலிருந்து தொங்கும் ஒரு திரை போதும். வெயில் வரும் பக்கத்து ஓரத்தில் 2 அடித் திரை தொங்கவிட்டால், சூரியன் 45 பாகையில் இருக்கும்போது அது 2 அடி கூடுதல் கூரைக்குச் சமம். 60 பாகைக்குச் சாயும்போது அதே 2 அடித் திரை மூன்றரை அடிக் கூரையின் வேலையைச் செய்கிறது. சூரியன் இறங்க இறங்கக் கூரை பலவீனமாகும், திரை பலமாகும். 6 அடிக் கூரையும் ஜிப் வைத்துக் கழற்றி மாட்டும் 3 அடித் திரையும் வாங்கினால், மாலை 5 மணிக்கு இருக்கையில் இரண்டரை அடி நிழல் கிடைக்கிறது. திரை இல்லாத 8 அடிக் கூரையில் அது பூஜ்யம். மச்சானுக்கு நான் சொன்னதும் இதுதான், மூன்று வளைவு (துணியைத் தாங்கும் வளைந்த குழாய்) 6 அடிக் கூரை, முன்னும் பின்னும் மாற்றி மாட்டக்கூடிய ஒரே திரை. படகை ஓட்டும்போது மட்டும் திரையைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நம் நீரிணையில் பின்னாலிருந்து வரும் கப்பலைப் பார்க்காமல் போவது விளையாட்டல்ல.

கடையில் கிடைக்கும் அளவுகளைப் பொதுவாகச் சொன்னால், இரண்டு வளைவு ஐந்து, ஐந்தரை அடி, மூன்று வளைவு 6 அடி, நான்கு வளைவு 8 அடி. 18 அடிப் படகில் 8 அடிக் கூரை போட்டால் தூண்டில் வீச இடம் இருக்காது. பின்முனையில் நின்று கம்பை ஓங்கும்போது துணியில் இடித்துக்கொண்டே இருக்கும். மீன் பிடிக்காமல் குடும்பத்தோடு லாசரஸ் தீவுக்குப் போய் நாள் முழுக்க இருக்கப் போகிறீர்கள் என்றால் 8 அடி நல்லதுதான், தயங்காமல் போடலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, கூரையை ஓட்டுநருக்கு மேலே வைப்பதா, பின் இருக்கைக்கு மேலே வைப்பதா என்பதில் என் கருத்து உறுதியானது. ஓட்டுகிறவர் நின்று நகர்ந்துகொள்வார், தொப்பி போடுவார். வயதானவர்களும் பிள்ளைகளும் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். என் அம்மா வந்தால் பின் இருக்கையின் இடது மூலையில் உட்காருவார், துறைக்குத் திரும்பும்வரை அங்கேயேதான். எங்கள் படகில் கூரையின் மத்தி அந்த இருக்கைக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். மூன்று வளைவு டாப்பில் முக்கியச் சட்டத்தின் கால் ஏறக்குறைய கூரையின் நடுவில் வரும், பாதி துணி முன்னால், பாதி பின்னால். ஆகவே நிழல் வேண்டிய இடத்தின் நடுவைக் குறித்தால் கால் பூட்டும் இடம் கிடைத்துவிடும். ஆனால் துளை போடுவதற்கு முன் மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கும்போது சட்டம் அந்தக் காலை மையமாக வைத்துப் பின்னால் சாயும், கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடம் பின்னால் வேண்டும். அங்கே எஞ்சின் தூக்கினால் இடிக்குமா, கம்பு செருகும் குழாய் இருக்கிறதா, ஏறி இறங்கும் ஏணி இருக்கிறதா என்று பாருங்கள்.

அகலம் என்பது படகின் அகலம் அல்ல, கால் பூட்டும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். படகின் பக்கம் முன்னால் போகப் போகக் குறுகும், எனவே நினைத்த இடத்திலும் அதற்கு ஓர் அடி முன்னாலும் ஓர் அடி பின்னாலும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 67 முதல் 72 அங்குலம், 73 முதல் 78 அங்குலம் என்று 6 அங்குலப் படிகளில் விற்கிறார்கள். உங்கள் அளவு எல்லைக்கு ரொம்ப நெருக்கமாக விழுந்தால் சட்டத்தின் காலை 3 அங்குலம் முன்பின் நகர்த்தினாலே சரியாகிவிடும், சட்டத்தை இழுத்து வளைத்துப் பூட்டாதீர்கள்.

உயரமும் தரையிலிருந்து அல்ல, கால் பூட்டும் இடத்திலிருந்து வளைவின் உச்சி வரை. படகின் விளிம்பு தரையிலிருந்து 24 அங்குலம் என்றால், 54 அங்குல டாப் உங்களுக்குத் தரையிலிருந்து ஆறரை அடி தரும், நின்று ஓட்டலாம். நிற்கத் தேவையில்லை என்றால் 46 அங்குலத்தைத் தயங்காமல் எடுங்கள். தாழ்ந்த கூரையின் நிழல் குறைவாக நகரும், காற்றும் குறைவாகப் பிடிக்கும்.

காற்று பற்றி. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா சூறைக்காற்று எப்போது வேண்டுமானாலும் வரும், அதிகமும் விடியலுக்கு முன்னும் காலை நேரத்திலும்தான், அதாவது நாம் கிளம்புகிற நேரத்தில். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தம், நம் கூரை மூன்றரைச் சதுர மீட்டர் இருக்கும். மேற்கே வானம் கறுத்துக் கோடு கட்டியதும் பேசிக்கொண்டிருக்காமல் மடக்கி உறை போட்டுவிட வேண்டும், அதை ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் செய்ய முடிகிற மாதிரி கூரையை இழுத்துப் பிடிக்கும் பட்டைகளின் கொக்கி சுலபமாகக் கழல்வதாக இருக்க வேண்டும். 8 அடிக் கூரையைத் தனியாக மடக்குவது சிரமம், இதையும் கணக்கில் வையுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்றால் உப்புக்குத் தாங்கும், விலையும் அதிகம். அலுமினியம் என்றால் 1 அங்குலக் குழாயாகப் பாருங்கள், எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் தடுப்புப் பசை தடவாமல் விட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப் போகும். துணிக்கு இழையிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக், சன்பிரெல்லா பிராண்டு மாதிரி, சீக்கிரம் வெளுக்காது. நம் வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் சாகும், அதனால் தைக்கக் கொடுக்கும்போது பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல் கேளுங்கள். கூரையைப் பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் மழைத் தண்ணீர் தேங்காது. இரவில் போகிறவர்கள், சுற்றிலும் தெரிய வேண்டிய வெள்ளை விளக்கைக் கூரை மறைக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், மறைத்தால் விளக்குக் கம்பத்தை உயர்த்துங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். நான்கு பிவிசி குழாய், ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு. படகில் கட்டிக்கொண்டு நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு, காற்றில்லாத ஒரு நாளில், மெதுவாகப் போய் நங்கூரம் போடுங்கள். 10 மணிக்கு, 1 மணிக்கு, 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் படகின் தரையில் கோடு போட்டு, அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, டாப் தைப்பவரிடம் காட்டுங்கள். மச்சான் அடுத்த வாரம் செய்யப் போகிறார், கயிறும் தார்ப்பாயும் என்னிடம் இருக்கிறது, குழாய் மட்டும்தான் வாங்க வேண்டும்.