ஆறா, ஐந்தா? மேட்டில் பதினொரு காலை

போன ஏப்ரலில் "பஸர்ட் ஒன்று வடக்கே போகிறது" என்று, பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் மார்தட்டிப் படம் போட்டவன் நான்தான். நேற்றிரவு அந்தப் பதிவில் பெயரை மாற்றினேன். அது பஸர்ட் இல்லை, பார்க்க அதைப்போலவே இருக்கும் இன்னொரு வேட்டைப் பறவையான தேன் பருந்து. இந்த முறை மார்ச் 21இலிருந்து ஏப்ரல் 8 வரை பதினொரு காலை, வலசை திரும்பும் பறவைகளைப் பார்க்க மேட்டில் குந்தியிருந்து நான் கண்டுபிடித்தது என் பழைய பிழையைத்தான்.

மேடு என்றால், இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைக்குக் கிழக்கே தேயிலை மலை முடிகிற இடத்தில் ஒரு பாறை. தெற்கே ஒரே இறக்கம். வெளிச்சமான நாளில் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி வரை தெரியும். ஒன்பதரைக்குக் கீழே நிலம் சூடாகிக் காற்று மேலே ஏறத் தொடங்கும், பெரிய பறவைகள் அதில் ஏறிச் சுற்றும். பதினொன்றரைக்குள் மூடுபனி வந்துவிடும். ஆக நமக்குக் கிடைப்பது இரண்டு மணித்தியாலம். அதிலும் பாதி குடுமிப் பாம்புக் கழுகின் கூச்சலிலேயே போய்விடும். அது உள்ளூர்க்காரன். வலசைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எவ்வளவு உயரம் போனாலும் மத்தியானம் அதே நிழல் மரத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

தேன் பருந்துதான் தலைவலி. இங்கேயே கூடு கட்டுகிறவையும் உண்டு, வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு வந்து மார்ச், ஏப்ரலில் திரும்புகிறவையும் உண்டு. நிறமோ ஒன்றைப்போல் ஒன்று இருக்காது: வெள்ளை வயிறு, காப்பி நிறம், கட்டம் போட்ட சாரம் மாதிரி ஒன்று. புறாத் தலை, நீண்ட வால் என்று புத்தகத்தில் படிக்க லேசு. முந்நூறு மீற்றர் உயரத்தில் எல்லாம் ஒரு கறுப்புச் சிலுவைதான். அதனால்தான் இறக்கை நுனியில் பிரிந்து நிற்கும் விரல்களை எண்ணச் சொல்கிறார்கள். நம் பக்கத்துத் தேன் பருந்துக்கு ஆறு, பஸர்டுக்கு ஐந்து. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது!

எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். சறுக்கிப் போகும்போது விரல்கள் மூடிக்கொள்ளும், நாலுகூடத் தெரியாது. வட்டமடித்து ஏறும்போது, அதுவும் இறக்கையை முழுக்க விரித்து நம் பக்கம் சரிக்கிற அந்த ஒரு கணத்தில்தான் எண்ணலாம். அதிலும் முதல் விரல் குட்டை, அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணால் எண்ணுவது நடக்காத காரியம், படத்தில்தான் எண்ண வேண்டும். படம் எடுத்தால் வானம் வெள்ளை, பறவை கரி. ஏப்ரல் முதல் பாதியில் வானிலை அறிக்கையில் ஊர் ஊராக "சூரியன் உச்சம் கொடுக்கும்" என்று வாசிப்பார்களே, அதே நாட்கள். வெளிச்சம் முழுவதும் பறவையின் முதுகில், நமக்குக் கிடைப்பது வயிற்று நிழல். முதல் நாலு நாள் எடுத்த படமெல்லாம் குப்பை. ஐந்தாம் நாளிலிருந்து படத்துக்கு விழும் வெளிச்சத்தை, அதுதான் எக்ஸ்போஷரை, ஒன்றரை ஸ்டொப் கூட்டி, ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனுக்குக் கீழே இறக்காமல் எடுத்தேன். வானம் வெளிறிப் போகும், போகட்டும். விரல் தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 4, பத்தே கால். ஒன்று நேர் தலைக்கு மேலே சரிந்தது. பதினேழு படம். ஒன்பதாவதில் இரண்டு இறக்கையும் சீப்பு மாதிரி விரிந்து நிற்கிறது. இடது ஆறு. வலதும் ஆறு. தேன் பருந்து, சந்தேகமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய படத்தையும் திறந்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வருடம் நான் எண்ணியது வலது இறக்கையை மட்டும். ஐந்து. இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தால் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் இடைவெளி, ஓட்டைப்பல் மாதிரி. ஒரு இறகு உதிர்ந்திருக்கிறது. இடது மங்கல்தான், ஆனாலும் ஆறு. இறக்கை மடங்கும் மணிக்கட்டில் பஸர்டுக்கு இருக்கும் கறுப்புத் திட்டும் இல்லை. இது ஏன் அன்றைக்குக் கண்ணில் படவில்லை? பஸர்ட் வேண்டும் என்று ஆசை, வேறென்ன.

வீட்டில் பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "இந்தக் கழுகுதானேப்பா கொளவிக் கூட்டக் கலைக்கிறது? இத எதுக்குப் படம் புடிக்கிற?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது கூட்டைப் பிய்த்துப் புழுவைத் தின்னும், அதற்கு முகத்தில் செதில் மாதிரி நெருக்கமான இறகு இருக்கிறது. கீழே கொழுந்து எடுப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? இரண்டு வருடத்துக்கு முன் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தவர் அவர். நான் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஆறுதல் உண்டு. ஏப்ரல் 2இல் பூட்டட் ஈகிள், வெளிர் வகை. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு, எதிரே வரும் பஸ்ஸின் லைட் மாதிரி. விரல் எண்ணத் தேவையே இல்லை, நல்ல பிள்ளை. நீலவால் பஞ்சுருட்டான்கள் மார்ச் கடைசியில் கூட்டமாக உயரே சுற்றின, இரண்டு நாளில் சத்தமே இல்லை. ஆறுமணிக் குருவியைக் கடைசியாகக் கேட்டது ஏப்ரல் 1. பழுப்புக் கீச்சான் மட்டும் பாடசாலை வேலியில் இன்னும் இருக்கிறது, அதற்கு அவசரமில்லைபோல.

லென்ஸ் விஷயம். எங்கள் ஈரத்தில் என் 70-300 ஸூம் லென்ஸில் மறுபடி பங்கஸ், அதாவது பூஞ்சணம், சிலந்தி வலை மாதிரி ஓரத்தில். போன தடவை கொழும்பில் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பங்கஸ் போனது, கூடவே ஒரு திருகாணியும் போய்விட்டது, இப்போது ஸூம் கொடகொடவென்று ஆடுகிறது. இனி வீட்டு வைத்தியம்தான்: மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல். ரோஸ் நிறமானால் சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் மீண்டும் நீலம். ரொட்டிச் சட்டியில் வறுக்காதீர்கள். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, நஞ்சு. என் மனைவிக்கு அது தெரியாமலே அன்று கிடைத்த ஏச்சு போதும். இப்போது அதற்கென்று பழைய தகரம் ஒன்று வைத்திருக்கிறேன்.

அடுத்து, அக்டோபரில் வரும்போதே பிடிக்க வேண்டும். மன்னாருக்குப் போனால் கடல் தாண்டி வருவதை நேரே பார்க்கலாம், பாடசாலை லீவு கிடைக்குமோ தெரியாது. அதற்கு முன் ஏப்ரல் 6, 7, 8 படங்கள் இன்னும் நாநூற்றுச் சொச்சம் எண்ணாமல் கிடக்கின்றன. அதில் 7ஆம் திகதி ஒன்று, இடது இறக்கையில் ஐந்துதான் தெரிகிறது. வலதை இன்னும் பார்க்கவில்லை.