உள்ளுக்குள்ளயாவது தெரியுமுங்களா?

அந்தம்மா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் எனக்குள் வழக்கு ஓடுகிறது.

அந்தம்மாவின் கணவர் காங்கயம் பக்கத்துக் குடியானவர். மூளையின் வலது பாதியில், பின்பக்கமாக ஸ்ட்ரோக். கை கால் விழவில்லை, பேச்சும் குழறவில்லை. அதனால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆனதாகவே உறவுக்காரர்களுக்குப் படவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கட்டிலருகே நின்று, "ஏனுங் மாமா, என்னைத் தெரியுதுங்களா?" என்றுதான் கேட்டார்கள். கேட்கிற குரலிலேயே பதில் இருக்கிறதே. "ஏன் தெரியாம, வா மாப்ள" என்பார். பேசாமல் வந்து நிற்பவர்களைத்தான் தெரியாது. அவர் சம்சாரம் வார்டு வாசலில் நின்று சிரித்தபோது, "யாருங்க, உள்ள வாங்க" என்றார்.

எம்ஜிஆர் படத்தைச் சட்டென்று சொன்னார். தொப்பியும் கண்ணாடியும் இல்லாத பழைய படத்தைக் காட்டினேன், "யாரோ நல்ல கலரா இருக்கறாரு" என்றார். கண், மூக்கு, வாய் தனித்தனியாகத் தெரிகின்றன. சேர்ந்து ஒரு ஆளாவதில்லை. 1947இல் ஜெர்மானிய மருத்துவர் போடமர் 'ப்ரோசோபக்னோசியா', அதாவது முகமறியாமை, என்று பெயர் வைத்த குறைபாடு இது.

அப்புறம் மகன் போனில் மாடுகளைக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே மயிலை நிற மாடுகள். அவரோ விரலை வைத்து வைத்து, இது மூத்தது, இது அதோட கன்னு, இது போன வருசம் சந்தையில் பிடிச்சது என்று போய்க்கொண்டே இருந்தார். கொம்பையும் திமிலையும் வைத்துச் சொல்லியிருக்கலாம், முகத்தை வைத்துத்தான் என்று என்னால் சாதிக்க முடியாது. அந்தம்மாவுக்கு அந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?

"மாட்டைத் தெரியுது, என்னைத் தெரியலீங்களா அம்மணி?"

மெக்நீல், வாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் 1993இல் எழுதிய ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னேன். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு செம்மறி வளர்க்கத் தொடங்கியவர். ஆட்டின் முகங்களை அடையாளம் சொன்னார், மனித முகங்கள் பிடிபடவில்லை. மனித முகத்துக்கு மூளையில் தனி வழி, அதுதான் அடைபட்டிருக்கிறது, பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கம்மா என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ளுக்குள்ளயாவது தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியுமுங்கம்மா" என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 1985இல் டிரானல், டமாசியோ என்ற ஆய்வாளர்கள் இதே குறையுள்ள இரண்டு நோயாளிகளுக்குத் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள்; மனம் அசைந்தால் தோல் லேசாக வியர்த்து அது கூடும். தெரிந்த முகம் வந்தபோது அவர்களால் ஆளைச் சொல்ல முடியவில்லை, ஆனால் தெரியாத முகங்களுக்கு ஏறியதைவிட மின்கடத்தல் கூடுதலாக ஏறியது. அதை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் எல்லா நோயாளியிடமும் அது வருவதில்லை. இவருக்கு நான் அளந்து பார்க்கவும் இல்லை. அளந்து, கை லேசாக வியர்த்தது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தம்மா கேட்ட "தெரியும்" அதுதானா?

அன்று மகனும் ஒன்று கேட்டார்: "இடது பாதி நல்லாத்தானுங்களே இருக்குது?" கனடாவின் மாண்ட்ரியாலில் ஆய்வாளர் ஜஸ்டின் செர்ஜென்ட் குழு 1992இல், மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வைத்து, முகம் அறிவதில் வலது பாதியின் பங்கு எவ்வளவு பெரிது என்று காட்டியது. அதே செர்ஜென்ட், இடது பாதிக்கும் முகங்களில் வேலை உண்டு என்று விடாமல் வாதாடியவர். ஆகவே ஓரளவு தேறலாம் என்றேன். அதுவும் உறுதியில்லாத பதில்தான், இருந்தும் அது என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. மகன் மூளையைப் பற்றிக் கேட்டார். அந்தம்மா தன்னைப் பற்றிக் கேட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது எல்லோருக்கும் ஒன்றையே சொல்லி அனுப்பினேன்: எதிரில் போனால் முதலில் குரல் கொடுங்கள், அவர் தேடித் தவிக்கக் கூடாது. மறுபடி காட்ட வந்தபோது அந்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க உள்ளுக்குள்ள தெரியும்னு சொன்னீங்கல்ல. அதனால சில நேரம் பேசாமப் போயி முன்னால நின்னு பார்ப்பேனுங்க. மூஞ்சி லேசா மாறுதுங்க அம்மணி."

வருகிற யாருக்கும் அந்த மனுசன் அப்படித்தான் முகம் மலர்வார், எனக்கே மலர்ந்தார். அதை நான் சொல்லவில்லை. குரல் கொடுத்தே போங்கம்மா என்று மட்டும் மறுபடி சொன்னேன். "தெரியும்" என்ற சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. அந்த மனுசன் நலனுக்காக வாங்கியிருக்க வேண்டும் என்று சில நாள் படுகிறது. வாங்கிவிட்டால் அந்தம்மா கையில் என்ன மிஞ்சும் என்று சில நாள் படுகிறது.